ஒரு வினைச்சொல்லின் எல்லை

ஆங்கில மொழியில் சில வினைச்சொற்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் மிகுதியாக வழங்குவதில்லை. அலுவலகக் கடிதங்களிலும், நீதிமன்ற ஏடுகளிலும், நாடுகள் தம்முள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளிலுமே அவற்றைப் பெரிதும் காணலாம். 'அக்னாலெட்ஜ்' என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் பயிலும் மாணவருக்கு இச்சொல் தரும் இடர்ப்பாடு பெரிது. இதன் எழுத்துக்கூட்டும் ஒலிப்பும் சில நாட் பயிற்சியால் வந்துவிடும். பொருள் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்று அறிவதே அரிது.

இச்சொல்லினுள்ளே, அறிவு என்று பொருள்படும் 'நாலெட்ஜ்' என்னும் சொல் அடங்கியிருத்தலைக் காண்க. ஒன்றைத் தான் அறிந்துகொண்டதைப் பிறர்க்குத் தெரிவித்தலே இதன் அடிப்படைப் பொருள் எனலாம். அறிந்தவர் அதற்கு உடன்படுகின்றாரா இல்லையா என்பதை இச்சொல் எப்போதும் சொல்லிவிடுவதில்லை. அஞ்சலோடு ஒப்புகை அட்டையை இணைத்து அனுப்பும் வழக்கத்தை நாம் அறிவோம். அதில் கையொப்பமிடுபவர் கடிதம் தம் கைக்கு வந்து சேர்ந்ததை ஒப்புகிறாரேயன்றி, கடிதத்தில் எழுதியுள்ளவற்றை ஒப்புகிறாரல்லர். 'ஒப்புகை' என்று நாம் இங்கே குறிப்பது இவ்வாங்கிலச் சொல்லின் பெயர் வடிவத்தையே ஆகும். தெருவில் எதிர்ப்படும் ஒருவரைக் கண்டு தலையசைத்தலும், நூலின் முகப்பில் உதவியவர்க்கு நன்றி கூறுதலும் ஆங்கிலத்தில் இவ்வினையாலேயே குறிக்கப்படும். தான் செய்த தவற்றை மறையாது ஏற்றுக்கொள்ளுதலும் இதன் பொருள்களுள் ஒன்று. ஆயினும், 'அட்மிட்' என்னும் வினையில் தொனிக்கும் குற்றவுணர்வு இதில் அத்துணை இல்லை.

இனி, சீன மாணவர் அகராதியைப் புரட்டுகின்றார் எனக் கொள்வோம். அங்கே இவ்வினைக்கு நேராக முதற்கண் நிற்பது 'செங்ரென்' என்னும் சொல். இஃது இரண்டு எழுத்துகளால் ஆயது. முதலெழுத்து ஏந்துதல், தாங்குதல் என்னும் பொருளது. இரண்டாவது, இன்னதென்று கண்டு அறிதலைக் குறிப்பது. கண்டறிந்ததைத் தன்மேல் தாங்கிக்கொள்ளுதல் என்னும் கருத்து இச்சேர்க்கையில் புலப்படுகின்றது. தவற்றை ஒப்புக்கொள்ளுதற்கும், ஒரு நாட்டையோ அரசையோ முறைப்படி ஏற்றுக்கொள்ளுதற்கும் சீனர் இச்சொல்லையே வழங்குவர். கடிதம் வந்து சேர்ந்ததைச் சொல்ல இது பயன்படாது. அதற்கு, பெற்றேன் என்று பொருள்படும் 'ஷௌதாவ்' என்னும் சொல் உண்டு. நூல் முகப்பில் நன்றி கூறுதற்குரிய சொல்லோ முற்றிலும் வேறு. ஆங்கிலத்தில் ஒரு கூரையின்கீழ் வாழும் பொருள்கள் சீனத்தில் தனித்தனி இல்லங்களில் வாழ்கின்றன. ஆகவே, அகராதியின் முதற்சொல்லை மட்டும் மனத்திற் கொண்ட மாணவர், 'உங்கள் கடிதத்தை அக்னாலெட்ஜ் செய்கின்றோம்' என்னும் வணிக மடலைப் படித்து, நாம் கேட்ட விலைக்கு அவர் இசைந்துவிட்டார் என்று மகிழ்தலும் கூடும்!

இலக்கணத்திலும் ஓர் இடர் உண்டு. சீன வினைச்சொல் காலத்திற்கும் எண்ணிற்கும் இடத்திற்கும் ஏற்ப உருமாறுவதில்லை. ஒரு வினையின்பின் மற்றொரு வினை அப்படியே வந்து நிற்றல் அங்கு இயல்பு. ஆங்கிலத்தில் இவ்வினை செய்வினையாக வருமிடத்து, இதன்பின் 'செய்தமை' என்பது போன்ற தொழிற்பெயரோ, 'செய்தேன் என்று' என்பது போன்ற தொடரோ வரல் வேண்டும். 'செய்ய' என்னும் எச்ச வடிவம் வரலாகாது. தமிழில் இவ்வேறுபாடு நமக்கு எளிதிற் புலனாகும். 'தவறு செய்தமையை ஒப்புக்கொண்டான்' என்பது வேறு. 'தவறு செய்ய ஒப்புக்கொண்டான்' என்பது வேறன்றோ?

வணிக மடலில் நேரும் மயக்கத்தை மற்றொரு மடலால் தீர்த்துக்கொள்ளலாம். நாடுகளின் அறிக்கையில் நேர்வது அத்தகையதன்று. 1949-ஆம் ஆண்டில் சீன உள்நாட்டுப் போரின் முடிவில் பெய்ஜிங்கில் மக்கள் குடியரசு நிறுவப்பெற்றது. அதுவரை ஆண்ட குடியரசு அரசாங்கம் தைவான் தீவிற்குப் பெயர்ந்தது. சீனம் ஒன்றே என்றும், அதன் உரிய அரசாங்கம் தாமே என்றும் இரு அரசுகளும் அந்நாளில் கூறிவந்தன. 1972-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் சீனம் சென்றார். சூ என்லாயுடன் நிகழ்ந்த பேச்சுகளின் முடிவில் ஷாங்காய் நகரில் ஒரு கூட்டறிக்கை வெளியிடப்பட்டது. சீனம் ஒன்றே, தைவான் அதன் பகுதியே என்று நீரிணையின் இருபுறத்துச் சீனரும் கூறுவதை அமெரிக்கா 'அக்னாலெட்ஜ்' செய்வதாக அதன் ஆங்கில வடிவம் கூறிற்று. சீன வடிவத்தில் அவ்விடத்தே நின்ற சொல் 'ரென்ஷி தாவ்' என்பது. அறிந்துகொண்டது, உணர்ந்துகொண்டது என்பது அதன் பொருள். இரு மொழிச் சொற்களும் ஏறத்தாழ ஒத்திருந்தன.

ஏழாண்டுகள் கழிந்தன. 1979 ஜனவரி முதல் நாளில் இரு நாடுகளும் தூதுறவு கொண்டன. அதற்குரிய கூட்டறிக்கையின் ஆங்கில வடிவத்தில் பழைய வினையே மீண்டும் வந்தது. சீன வடிவத்திலோ, பழைய சொல் நீங்கி, 'செங்ரென்' அமர்ந்தது. அன்றியும், பெய்ஜிங் அரசையே சீனத்தின் ஒரே சட்டமுறை அரசாக ஏற்பதாகக் கூறும் தொடரில், ஆங்கிலம் 'ரெகக்னைஸ்' என்னும் வேறொரு வினையை ஆண்டது. சீனமோ அங்கும் 'செங்ரென்' என்றே எழுதிற்று. ஆங்கிலம் இரண்டாகப் பிரித்துக் காட்டியதைச் சீனம் ஒன்றாக்கிவிட்டது. ஆங்கிலத்தைப் படிப்பவர், அரசை ஏற்றது ஒன்று, தைவான் பற்றிய கூற்றை அறிந்துகொண்டது மற்றொன்று என்பர். சீனத்தைப் படிப்பவர்க்கு இரண்டும் ஏற்பாகவே தோன்றும்.

அமெரிக்கச் செனட் சபையினர் இதனைக் கவனியாமல் விடவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் நிகழ்ந்த விசாரணையில் அயலுறவுத் துறையின் துணைச் செயலாளர் வாரன் கிறிஸ்தோபர், ஆங்கில வடிவமே தம் நாட்டைக் கட்டுப்படுத்துவது என்றும், 'அக்னாலெட்ஜ்' என்னும் சொல்லே தமக்கு அறுதியானது என்றும் கூறினார். பெய்ஜிங் அரசுக்கோ தன் மொழி வடிவமே சான்று. இரண்டு கோடியே முப்பது இலட்சம் மக்கள் ஏறத்தாழ வாழும் ஒரு தீவைப் பற்றிய வழக்கில், இரு சாராரும் இன்றும் தத்தம் வடிவத்தையே எடுத்துக் காட்டுகின்றனர். இச்சொல் மாற்றம் மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று கருதுவதற்கில்லை. ஏழாண்டுகளுக்கு முன்னர்ப் பொருத்தமான சொல்லைக் கண்டவர்கள் பின்னர் அதனை மறந்திருப்பர் என்பது பொருந்துமா?

பிற நாடுகள் இவ்விடத்தில் வேறு வினைகளைத் தேடிக்கொண்டன. ஜப்பான் 1972-இல் சீனத்தின் நிலையைத் தான் முழுதும் புரிந்துகொண்டு மதிப்பதாக எழுதிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1970 அக்டோபரில், கனடா தைவான் பற்றிய சீனத்தின் நிலையைக் 'குறித்துக்கொள்வதாக' மட்டும் கூறிற்று. அதன் சீன வடிவத்தில் அமைந்த சொல் 'ஜூயீ தாவ்'. கவனத்திற் கொண்டது என்பது பொருள். அங்கே ஆங்கிலமும் சீனமும் ஒன்றையே கூறின.