மோசமான கேம் ஒன்றைப் பற்றி எழுதப் போகிறவனுக்கு

வீரமுனை

அன்புள்ள மருமகனுக்கு,

பாடசாலைச் சஞ்சிகைக்கு நீ எழுதிக் கொடுத்ததை அக்கா போனில் அனுப்பியிருந்தா. படு மோசம், காசுக்குச் சேதம், பத்துக்கு இரண்டு புள்ளி என்று மூன்றே வரியில் முடித்திருக்கிறாய். கேமின் பெயர் தெரிகிறது, உன் கோபம் தெரிகிறது. வேறொன்றும் தெரியவில்லை.

கோபத்தைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அது நியாயமானது. பெரிய கம்பனியின் புதுக் கேம் ஒன்று இப்போது 70 டொலர். டொலர் 300 ரூபாயென்று வைத்தாலும் 21,000 ரூபாய். பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கக்கூடிய நாடுகளில் இலங்கை இல்லாததால், வேறொரு நாட்டைக் காட்டிக் கணக்குத் திறந்து, அந்த நாட்டின் கிஃப்ட் கார்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கித்தான் இங்குள்ள பிள்ளைகள் விளையாடுகிறார்கள். வாங்கிய பிறகு பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பது லேசான காரியமில்லை. நிந்தவூரிலோ சாய்ந்தமருதிலோ ஒரு பிள்ளை பெருநாள் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வாங்கலாமா விடலாமா என்று யோசிக்கிற நேரத்தில் உன் எழுத்து அவன் கையில் கிடைக்கிறது என்று நினைத்துப் பார். அவனுக்கு நீ சாட்சி சொல்கிறாய். நம்முடைய வெளியில் நெல் வாங்க வரும் முதலாளிகூட மூட்டைக்குள் கையை விட்டு, நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஈரம் என்கிறார். நீ எந்த மணியைக் கடித்துப் பார்த்தாய் என்பதை எழுத வேண்டும்.

உலகத்திலேயே மோசமான கேம் என்று பெயர் வாங்கிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1982இல் ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.டி.' படம் ஓடு ஓடென்று ஓடியது. அதைக் கேமாக்கும் உரிமையை அட்டாரி கம்பனி பெரும் பணம் கொடுத்து வாங்கியது. நத்தார் விற்பனைக்குச் சாமான் கடையில் இருக்க வேண்டும் என்பதால், ஹோவர்ட் ஸ்கொட் வோர்ஷோ என்ற புரோகிராமருக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். அந்தக் காலத்தில் ஒரு கேமுக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுப்பார்கள். கேம் வந்தது, ஏராளமாகத் திரும்பியும் வந்தது. 1983இல் விற்காத கார்ட்ரிஜ்களை லொறியில் ஏற்றி, நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமொகோர்டோ என்ற ஊரின் குப்பை மேட்டில் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். உள்ளே ஈ.டி. மட்டும் கிடக்கவில்லை, நல்ல பேர் எடுத்த வேறு அட்டாரி கேம்களும் சேர்ந்தே கிடந்தன. அட்டாரி கம்பனி பின்னர் சரிந்ததற்கு இந்த ஒரே ஒரு கேம்தான் காரணம் என்று சொல்வது எழுதுவதற்கு வசதியான கதை, அவ்வளவுதான்.

சரி, அந்தக் கேமில் பிழைதான் என்ன? திரையில் குழிகள் இருக்கும். ஈ.டி. அந்தக் குழிகளுக்குள் இறங்கி, உடைந்த தொலைபேசியின் துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். விளையாடுகிறவனுக்குத் தரை சற்று மேலிருந்து பார்ப்பது போலத் தெரியும், ஈ.டி.யோ பக்கவாட்டில் நிற்கும். அதன் கால் குழிக்கு வெளியே தெளிவாக நிலத்தில் நிற்கும்போது, தலையின் ஒரு புள்ளி குழியின் படத்தின் மேல் பட்டுவிட்டால் போதும், உள்ளே விழுந்துவிடும். ஏனென்றால் உருவத்தின் எந்தப் புள்ளி பட்டாலும் விழ வேண்டும் என்பதுதான் புரோகிராமில் எழுதப்பட்ட விதி. கழுத்தை நீட்டிக் கஷ்டப்பட்டு மேலே ஏறி வந்தால் அதே விளிம்பில் மறுபடியும் விழ நேரும். கண் ஒன்றைச் சொல்கிறது, மெஷின் இன்னொன்றைச் சொல்கிறது. அதனால்தான் பிள்ளைகள் ஜொய்ஸ்டிக்கைத் தூக்கி எறிந்தார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு ரசிகர் அந்தப் புரோகிராமைப் பிரித்துப் பார்த்து, சில பைட்டுகளை மாற்றி அந்த விழுகையைச் சரிசெய்தார். அவர் செய்ததை நான் உயர்ந்த விமர்சனம் என்று சொல்வேன். நாறல் கேம் என்று ஆயிரம் பேர் சொன்னதை, இந்த இடத்தில் இந்த விதி பிழை என்று அவர் காட்டினார். இதே வோர்ஷோதான் அதே 1982இல் 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்ற கேமையும் தந்தார். அட்டாரியின் சிறந்த கேம்களில் அது ஒன்று. ஆகவே ஆளைத் திட்டுவதால் உனக்கு ஒரு விளக்கமும் கிடைக்காது.

புகழ்பெற்ற கதையின் பெயரை வைத்து வரும் கேம்கள் இன்றும் இப்படிச் சறுக்குவதுண்டு. 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்: கொல்லம்' 2023 மே மாதம் வந்து மிகக் குறைந்த புள்ளிகளை வாங்கியது. செய்த ஜெர்மன் கம்பனி மன்னிப்புக் கேட்டது. சில வாரங்களிலேயே தன் கேம் தயாரிக்கும் பிரிவை மூடியது.

உனக்குக் கிரிக்கெட் உயிர் என்பதால் கிரிக்கெட் கேம்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2013 நவம்பரில், அவுஸ்திரேலியாவில் ஆஷஸ் தொடர் தொடங்கிய அதே நாட்களில், 'ஆஷஸ் கிரிக்கெட் 2013' கம்பியூட்டருக்கு வந்தது. மெல்பேர்ன் கம்பனி ஒன்று செய்தது, 505 கேம்ஸ் வெளியிட்டது. களத்தடுப்பாளர்கள் தடுமாறுகிற வீடியோக்கள் உடனே பரவின. சில நாட்களில் கேமை விற்பனையிலிருந்து எடுத்து, வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொன்சோலுக்கு வரவிருந்த பதிப்புகள் வரவே இல்லை. தாங்கள் தேர்ந்தெடுத்த கேம் எஞ்சின் கிரிக்கெட்டைத் தாங்கவில்லை என்று வெளியீட்டாளரே ஒப்புக்கொண்டார்.

ஏன் தாங்கவில்லை என்று யோசித்துப் பார். கார் ரேஸ் கேமில் நீ ஓட்டுகிற கார் ஒழுங்காக ஓடினால் பாதி வேலை முடிந்தது. கிரிக்கெட்டில் பந்து மட்டையில் பட்ட அடுத்த கணம், களத்தில் நிற்கும் 13 பேரும் ஏதாவது செய்ய வேண்டும். பந்து எங்கே விழும், யார் ஓடுவது, யார் பின்னால் காப்புக்குப் போவது, எந்த முனைக்கு எறிவது, துடுப்பாட்டக்காரர் இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடுவதா நிற்பதா என்று எல்லாருக்காகவும் மெஷின் முடிவெடுக்க வேண்டும். இதில் ஒருவன் முட்டாள்தனமாக நின்றாலும், சின்ன வயதிலிருந்து கிரிக்கெட் பார்த்த கண்ணுக்கு அது உடனே உறுத்தும். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருந்து எழுதும் கேம் விமர்சகர் எல்லாருக்கும் அந்தக் கண் கிடையாது. உனக்கு இருக்கிறது. மிட் ஓஃபில் நிற்பவன் கைக்கு நேரே வந்த பந்தை எடுத்து எந்த முனைக்கு எறிகிறான் என்று ஒரு வரி எழுதினால், கல்முனையிலிருக்கும் எந்தப் பொடியனுக்கும் கேமின் தரம் விளங்கிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஈ.ஏ. ஸ்போர்ட்ஸின் 'கிரிக்கெட் 07' 2006இன் கடைசியில் பிளேஸ்டேஷன் 2க்கும் கம்பியூட்டருக்கும் வந்தது. முந்திய பதிப்பிலிருந்து பெரிதாக என்ன மாறியிருக்கிறது என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அமோகமான புள்ளிகள் விழவில்லை. அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும்தான் உண்மைப் பெயர்கள். நம் இலங்கை வீரர்கள் திரிந்த பெயர்களோடு துடுப்பெடுத்தாடினார்கள். ஆனாலும் இலங்கையிலும் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அந்தக் கேமைப் பத்து வருஷத்துக்கு மேல் விளையாடினார்கள். ஒரு குச்சியால் கால் நகர்வையும் மற்றக் குச்சியால் அடியின் திசையையும் தீர்மானிக்கும் துடுப்பாட்டம் கைக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு அந்தக் கம்பனி பெரிய கிரிக்கெட் கேம் எதையும் கொன்சோலுக்குத் தரவில்லை. ரசிகர்கள் தாங்களே பெயர்களைத் திருத்தி, சட்டையின் நிறத்தை மாற்றி, புதுத் தொடர்களைச் சேர்த்துக் கம்பியூட்டர் பதிப்பை உயிரோடு வைத்திருந்தார்கள். அன்றைய விமர்சகர்கள் சொன்ன குறைகள் உண்மை, நம்மவர்கள் அதில் கண்ட சுகமும் உண்மை. ஒரு நல்ல கட்டுரையில் இரண்டுக்கும் இடம் வேண்டும். மோசம் என்று தீர்மானித்த பிறகும் நீ அதை மூன்று நாள் விட்டுப் பிரியாமல் விளையாடியிருந்தால், உன்னைப் பிடித்து வைத்தது எது என்று கட்டாயம் எழுது.

நம்மவர் செய்த கேமென்றால் எழுதுகிறவனுக்கு ஒரு தயக்கம் வரும். 2009இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரோனா டெக்னோலஜிஸ் 'ஹனுமான்: போய் வாரியர்' என்ற கேமைப் பிளேஸ்டேஷன் 2க்காகச் செய்தது, சோனியே வெளியிட்டது. முழுக்க முழுக்க இந்தியாவில் உருவான முதல் பிளேஸ்டேஷன் கேம் என்று பெருமையாகப் பேசப்பட்டது. விமர்சகர்கள் கைவிரித்தார்கள். கட்டுப்பாடு, காட்சி இரண்டுமே பழையதும் கரடுமுரடுமாக இருந்தன என்பதுதான் பொதுவான கருத்து. அதே சமயம் அமெரிக்காவில் ராஜன் ஸெட் என்ற இந்து மதப் பிரமுகர், வணங்கும் தெய்வத்தைப் பட்டனால் ஆட்டுவிப்பது தகாது, கேமைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். இவை முற்றிலும் வேறான இரண்டு வழக்குகள். கைக்கு அடங்காத கேம் என்பதை விளையாடிய யாரும் சோதித்துப் பார்க்கலாம். தெய்வத்தை இப்படிக் காட்டலாமா என்பது நம்பிக்கை சார்ந்த கேள்வி. அதை மதிப்போடு தனியாகப் பேச வேண்டும். இரண்டையும் ஒரே பந்தியில் குழைத்தால், சம்மாந்துறையிலிருக்கும் உன் கூட்டாளிக்கு நீ எதைக் குறை சொல்கிறாய் என்றே விளங்காது. முதல் முயற்சி என்பதற்காகப் புள்ளியைக் கூட்டிப் போடவும் கூடாது. முதல் முயற்சி என்பதைச் சொல்லிவிட்டு, பிழையைப் பிழை என்றே எழுது. செய்தவர்களுக்கும் அதுதான் மரியாதை.

அப்படி ஒரே அளவுகோலால் அளந்தால் நம்மவர் தோற்றுத்தான் போவார்கள் என்று நினைக்காதே. டொரொண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023 ஜூலையில் 'வெண்பா'வை வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி, சிதைந்துபோன சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்து இட்டலியும் புட்டும் செய்கிற கேம். அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகக் கேமுக்கான விருது அதற்குக் கிடைத்தது. கேம் மிகச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று பாராட்டியவர்களே குறையும் சொன்னார்கள். அந்தக் குறையைச் சொன்னதால் பாராட்டின் எடை கூடியதே தவிரக் குறையவில்லை.

புள்ளி விஷயத்துக்கு வருகிறேன். விமர்சகர்களின் புள்ளிகளையெல்லாம் சேர்த்து நூற்றுக்கு ஒரு சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் 2001இல் தொடங்கியது. 2010இல் வந்த 'ஃபோல்அவுட்: நியூ வேகாஸ்' 85 எடுத்தால் செய்தவர்களுக்கு மேலதிகப் பணம் என்று ஒப்பந்தம் இருந்ததாம், கிடைத்தது 84. அதில் வேலை செய்த கிறிஸ் அவெலோன் பின்னர் இதை வெளியே சொன்னார். ஆகவே இரண்டு, மூன்று என்று கைபோன போக்கில் போடாதே. ஜப்பானில் 'ஃபமிட்சு' சஞ்சிகை ஒரு கேமை நான்கு பேரிடம் கொடுத்து, ஆளுக்குப் பத்தாக நாற்பதுக்குப் புள்ளி போடுகிறது. உங்கள் சஞ்சிகையிலும் இதைச் செய்து பார்க்கலாம். உன் இரண்டுக்குப் பக்கத்தில் கூட்டாளியின் ஆறு நின்றால், வாசிக்கிறவன் காரணத்தைத் தேடி இரண்டையும் வாசிப்பான்.

கேமோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காகவும் புள்ளி விழுவதுண்டு. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2'ஐக் கம்பியூட்டரில் விளையாடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்கு வசதியே இல்லாத நாடுகளில் விற்பனையும் நின்றது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட எதிர்மறை வாக்குகள் சில நாட்களில் விழுந்தன, சோனி கட்டாயத்தைக் கைவிட்டது. அந்த வாக்குகளை நான் நியாயமான எதிர்ப்பாகவே பார்க்கிறேன். கேம் சுவையானதா இல்லையா என்பதற்கு அவை பதிலாகாது.

கடைசியாக, எந்த மெஷினில் விளையாடினாய் என்பது. உன்னிடம் இருப்பது பாவித்த பிளேஸ்டேஷன் 4. 2020 டிசம்பர் 10இல் 'சைபர்பங்க் 2077' வந்தபோது, வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கம்பியூட்டர் பதிப்பை மட்டும்தான். அவர்கள் தொண்ணூறுக்குக் கிட்டப் புள்ளி போட்டார்கள். அந்தப் புள்ளியை நம்பிப் பிளேஸ்டேஷன் 4க்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்ததோ திக்கித் திக்கி ஓடி, அடிக்கடி நின்றுபோகிற கேம். ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்தது. 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. 2023 செப்டெம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு, திருந்திய கேம் என்று ஊரெல்லாம் புகழ்ந்தது. ஆனால் அந்த அப்டேட் பிளேஸ்டேஷன் 4க்கு வரவில்லை. புகழ்ச்சியைக் கேட்டுவிட்டு உன்னைப் போல பழைய மெஷின் வைத்திருக்கிற ஒரு பிள்ளை இன்று அந்த டிஸ்கை வாங்கினால், அவன் கேட்ட கேம் அவன் கையில் இருக்காது. இதை எந்த வெளிநாட்டுச் சஞ்சிகையும் அவனுக்காக நினைவு வைத்து எழுதாது, நீதான் எழுத வேண்டும். உன் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே மெஷினின் பெயரையும், விளையாடிய திகதியையும், கேமின் பதிப்பு எண்ணையும் போடு. பதிப்பு எண் வேண்டுமென்றால் திரையில் கேமின் படத்தின் மேல் நின்று ஒப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, இன்ஃபர்மேஷன் என்பதைத் திற. அதில் இருக்கும்.

அன்புடன்,
மாமா