உயிரணுவின் விதைக்கோட்டை

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உழவர் விதைநெல்லை வைக்கோலிற் பொதிந்து, பிரியால் இறுகச் சுற்றிக் கோட்டை கட்டிவைத்த முறையை நம் மாணவர் பலர் முதியோர் வாயிலாகக் கேட்டிருப்பர். நீர் புகுந்த கோட்டையில் நெல் பருவத்துக்கு முன்னரே முளைத்துக் கெடும். அவிழ்க்க வேண்டிய நாளில் அவிழ்க்காவிடில் நாற்றங்கால் வெறுமையாய்க் கிடக்கும். நம் உயிரணுவினுள்ளும் இத்தகைய கோட்டையொன்று உண்டு. அதன் கட்டு நலத்துக்கும் நோய்க்கும் எங்ஙனம் காரணமாகின்றது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் இழை 46 துண்டுகளாய் உள்ளது. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாய் நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். உட்கருவின் குறுக்களவோ மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூற்றிலொரு பங்கு. இவ்விழை ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேற் சுற்றப்பட்டுள்ளது. 1884-இல் ஜெர்மானிய அறிஞர் கோசல் வாத்தினப் பறவையொன்றின் இரத்தத்திலிருந்து அப்புரதத்தைப் பிரித்தெடுத்தார். எட்டு ஹிஸ்டோன்கள் கூடிய உருளையை இழை இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிச் செல்லுகின்றது என்பது 1974 முதல் கார்ன்பெர்க் முதலியோரால் தெளிவாயிற்று.

இழை உருளையைச் சுற்றி வெளிவருமிடத்தில் வேறொரு ஹிஸ்டோன் நின்று கட்டை இறுக்குகின்றது. கோழியின் இரத்த அணுவில் அவ்வேலை செய்யும் புரதத்தின் நடுப்பகுதி வடிவத்தை 1993-இல் வெளியிட்ட குழுவின் முதல்வர், 1952-இல் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009-இல் ரைபோசோம் ஆராய்ச்சிக்காக நோபெல் பரிசு பெற்றவரும் அவரே. அப்புகழின் ஒளியில் இம்முந்திய பணி நம்மவரால் மறக்கப்பட்டது வருந்தத்தக்கது.

இனி நோய்க்கு வருவோம். கண்ணின் அணுவிலும் ஈரலின் அணுவிலும் உள்ள எழுத்து ஒன்றே. அவிழ்ந்திருக்கும் பகுதிகளே வேறு. ஹிஸ்டோனின் வால்போன்ற நுனியில் அசிட்டைல் என்னும் சிறு கூறு ஒட்டினால், இழையோடு அதற்குள்ள மின்கவர்ச்சி குறைந்து கட்டு நெகிழும். மீதைல் கூறு ஒட்டுவது இடத்திற்கேற்ப இறுக்கத்தையோ நெகிழ்ச்சியையோ குறிக்கும். புற்றுநோயைத் தடுக்கும் மரபணுவொன்று எழுத்துப் பிழையின்றியே கட்டுண்டு ஊமையாகிவிடுவதும் உண்டு.

இதனினும் கொடியது சிறு பிள்ளைகளின் மூளைத்தண்டில் தோன்றும் ஒருவகைக் கட்டி. பெரும்பாலோர் இரண்டாண்டுக்குள் இறக்கின்றனர். இக்கட்டிகள் மிகப் பலவற்றில், மூன்றாம் ஹிஸ்டோனின் 27-ஆம் இடத்தில் லைசினுக்குப் பதிலாக மெத்தியோனின் இருப்பது 2012-இல் அறியப்பட்டது. பழுது ஒரு புரதத்தின் ஒரே இடத்தில். விளைவோ உட்கரு முழுவதிலும். அங்கு ஒட்ட வேண்டிய மீதைல் கூறு எங்கும் அருகிப்போக, மூடியிருக்க வேண்டிய மரபணுக்கள் திறந்துகொள்ளுகின்றன. அணுக்கள் முதிராமல் பெருகுகின்றன.

ஆயினும், ஒட்டிய கூறுகளை நீக்கலாம், நீங்கியவற்றை மீட்கலாம். அசிட்டைலை அகற்றும் நொதியைத் தடுக்கும் வோரினோஸ்டாட் என்னும் மருந்து, தோலைப் பற்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுக்கு 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது வேண்டிய முடிச்சை மட்டும் தெரிந்து அவிழ்ப்பதன்று. பல இடங்களையும் ஒருங்கே நெகிழ்த்துவதால் தீய விளைவுகளும் நேர்கின்றன.

மஞ்சளிலுள்ள குர்குமின், அசிட்டைலை ஒட்டும் நொதியொன்றைத் தடுப்பதைப் பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி நிலையத்தார் 2004-இல் காட்டினர். இதைக் கேட்டு, மஞ்சள் மிகுத்துச் சமைத்தாற் போதுமென்று எவரும் எண்ணற்க. உண்ட குர்குமினில் மிகச் சிறிதளவே இரத்தத்தை அடைகின்றது.