பெட்டி கட்டப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தரையில் நிற்கும் ஸ்பீக்கர் ஒரு ஜோடியை வீட்டிலேயே கட்டப் போவதாக எழுதியிருந்தாய். எந்த வூஃபர் வாங்கலாம், ட்வீட்டர் பட்டு டோமா அலுமினிய டோமா, மேலே தேக்கு வெனீர் ஒட்டலாமா என்று பக்கம் முழுக்கக் கேள்விகள். முன்பலகையின் அகலம் எவ்வளவு என்று மட்டும் எழுதவில்லை. அதைச் சொல்லியிருந்தால் மற்றவற்றில் பாதிக்கு உடனே பதில் எழுதியிருப்பேன்.

கீச்சுப் பகுதியின் அலைகள் பலகையைவிடச் சிறியவை. பலகை அவற்றை முன்னால் தள்ளிவிடும். கீழ்ப் பகுதியின் அலைகள் பெரியவை. அவை பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னாலும் போய்விடும். வூஃபர் அதேதான், ஆம்ப் கொடுக்கும் வாட்டும் அதேதான், ஆனாலும் உன் காதுக்கு வரும் கீழ்ப் பகுதி 6 டெசிபல் வரை குறைந்திருக்கும். எந்த இடத்தில் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 115ஐ மீட்டரில் சொன்ன அகலத்தால் வகு. 20 சென்டிமீட்டர் பலகைக்கு 575 ஹெர்ட்ஸ் வரும். மனிதக் குரலின் கனம் உட்கார்ந்திருக்கும் பகுதி அது. இதைச் சரிசெய்யாத ஸ்பீக்கரில் பாடகருக்கு உடம்பே இருக்காது, உதடு மட்டும் பாடும்.

சரிசெய்யும் இடம், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர். அதனால்தான் ‘2-வே, 8 ஓம், 3000 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டு வரும் ரெடிமேட் போர்டை வாங்காதே என்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் வாங்காதே. அந்தப் போர்டுக்கு உன் பலகையின் அகலம் தெரியாது. அது நம்பியிருக்கும் 8 ஓமும் நிஜத்தில் இல்லை. மல்டிமீட்டர் வைத்தால் வூஃபர் 6 ஓமுக்கு அருகில் காட்டும். தன் இயல்பான அதிர்வெண்ணில் 30ஐத் தாண்டும். மேலே போகப் போக வாய்ஸ் காயிலால் மறுபடி ஏறும். 8 என்று நினைத்துப் போட்ட காயிலும் கெப்பாசிட்டரும் இந்த ஏற்ற இறக்கத்தில் வேறெங்கோ வெட்டும். காசை டிரைவருக்குக் கொட்டிவிட்டு மிச்சத்தில் கிராஸ்ஓவர் என்று திட்டமிடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். நடுத்தர டிரைவரும் அளந்து செய்த கிராஸ்ஓவரும் இருந்தால், விலை உயர்ந்த டிரைவரும் ரெடிமேட் போர்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

இனி பெட்டி. ஓட்டை வைத்த பெட்டிக்கு பெல் லேப்ஸின் தூராஸ் 1932இல் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஊருக்கு ஊர் குத்துமதிப்பாகத்தான் அறுத்துக்கொண்டிருந்தார்கள். 1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் அதை ஒரு மின்வடிகட்டியாகப் பாவித்துக் கணக்குப் போட்டார். கட்டுரை உள்ளூர் இதழில் வந்ததால் உலகம் கவனிக்கப் பத்தாண்டு பிடித்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதினார். டிரைவரோடு வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று மூன்று எண்கள் இருக்குமே, அவை இந்த இருவரின் சொத்து. தாள் இல்லாத டிரைவரை வாங்காதே.

உதாரணத்துக்கு ஆறரை இன்ச் வூஃபர் ஒன்று: எஃப்எஸ் 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.36, விஏஎஸ் 30 லிட்டர். கணக்கு 24 லிட்டர் பெட்டி, 42 ஹெர்ட்ஸ் டியூனிங் என்று சொல்லும். ஓட்டையில் பொருத்தும் 5 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் 10 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் அந்த டியூனிங் வந்துவிடும். பிளம்பிங் கடை பிவிசி பைப் போதும். கொஞ்சம் நீளமாகவே வெட்டிக்கொள், பிறகு குறைக்கலாம். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டுக்களில் அந்தத் தந்தி எவ்வளவு வேலை செய்கிறது என்பது உனக்கே தெரியும்.

இங்கே ஒரு வேடிக்கை. வூஃபரும் குழாயும் குறுக்குச் சட்டங்களும் அடைக்கும் இடத்தைச் சேர்த்தாலும் 27 லிட்டர்தான் வேண்டும். உள் அகலம் 16.4, ஆழம் 25 என்றால் உயரம் 66 சென்டிமீட்டரோடு முடிந்துவிடுகிறது. நீ கேட்பதோ ஒரு மீட்டர் உயரம். முழு உயரத்தையும் வூஃபருக்கே கொடுத்துவிட்டால் பேஸ் தொளதொளக்கும். அதோடு 180 ஹெர்ட்ஸ் வாக்கில் பெட்டியின் நெடுக்கில் ஒரு நின்ற அலை எழும்பி, பஞ்சுக்கும் அடங்காமல் குழாய் வழியே வெளியே கேட்கும். நடுவில் பலகை வைத்துத் தடுத்துவிடு. கீழறையில் மணலை நன்றாகக் காயவைத்து பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடு. எம்-சாண்ட் போதும், ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டியதில்லை, எடுக்கவும் கூடாது. ஈரம் மட்டும் இருக்கக்கூடாது, பெட்டியின் எம்டிஎஃப் பலகை ஊதிவிடும்.

மரவேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 18 எம்.எம். பலகை, பேனல் சா வைத்திருக்கும் கடையில் நேராக அறுத்து வாங்கு, பசையைக் கஞ்சத்தனம் இல்லாமல் பூசு, வூஃபருக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சட்டம் கொடு. எம்டிஎஃப் தூசிக்கு முகமூடி கட்டாயம். உள்ளே தலையணைக்கு வைக்கும் ஃபைபர் பஞ்சு. இலவம் பஞ்சு நாளாக ஆகக் கீழே இறங்கிவிடும்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். யுஎஸ்பி மைக் ஒன்று வாங்கு. அதன் திருத்தக் கோப்பு கூடவே வரவேண்டும். ஆர்இடபிள்யூ என்ற மென்பொருள் இலவசம். காற்றில்லாத காலை நேரத்தில் பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போ. கைப்பிடிச் சுவரிலிருந்து விலகி நடுமாடியில் ஒரு ஸ்டூல்மேல் ஏற்றி, ட்வீட்டரும் மைக்கும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில், இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் இருக்கும்படி வை. தரையில் பட்டுத் திரும்பும் ஒலி 6 மில்லிசெகண்டு தாமதமாக வரும். அதற்கு முன்பே அளவை வெட்டிவிட்டால் 160 ஹெர்ட்ஸுக்கு மேலே கிடைப்பதை நம்பலாம். அதற்குக் கீழே, மைக்கைக் கோனுக்கு ஒட்டினாற்போல் பிடித்து அளந்து இணைத்துக்கொள். ட்வீட்டரைத் தனியாக அளக்கும்போது ஒரு 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடரில் போடு. ஆம்பைப் போட்டதும் வரும் ஒரு ‘டப்’ போதும், காயில் கருக. நேர்முன்னால் மட்டும் அளந்தால் போதாது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பக்கவாட்டிலும் அள; சுவரில் பட்டுக் காதுக்கு வருவது அந்த ஒலிதான்.

ஆறரை இன்ச் வூஃபரின் கோன் 13 சென்டிமீட்டர் அகலம். 2600 ஹெர்ட்ஸில் அலைநீளமும் அதேதான். அங்கே போனால் வூஃபர் டார்ச் மாதிரி நேராக மட்டும் அடிக்கும். ஆகவே 2000 ஹெர்ட்ஸ் சுற்றிலேயே ட்வீட்டரிடம் ஒப்படைத்துவிடு, தாங்கக்கூடிய ட்வீட்டராகப் பார்த்து வாங்கு. வூஃபர் 88 டெசிபல் என்று தாளில் இருந்தாலும், பலகையின் இழப்பை ஈடுசெய்த பிறகு 84 அளவில்தான் நிற்கும். ட்வீட்டரை ரெசிஸ்டர் போட்டு அதற்கு இறக்க மனசு வராது, இறக்கு. வூஃபர் காயிலுக்குத் தடிமனான கம்பி கேள். அரை ஓம் தடை சேர்ந்தால் உன் 0.36 க்யூடிஎஸ் 0.39ஐ நெருங்கிவிடும், பெட்டிக் கணக்கே நகரும்.

வூஃபரும் ட்வீட்டரும் சந்திக்கும் இடத்துக்கு லிங்க்விட்ஸ்-ரைலி வடிவத்தையே இலக்காக வை. ஜீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் அதை 1976இல் எழுதினார். ஹியூலெட்-பேக்கார்டில் அளவுக் கருவிகள் செய்துகொண்டிருந்தவர் அவர், ஸ்பீக்கர் கம்பெனிக்காரர் அல்ல. எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

காது எப்போது தீர்ப்புச் சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். அளவு சமனான பிறகு, ஒரு ஸ்பீக்கரை மட்டும் வைத்து, உனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் பேசுவதைப் பதிவுசெய்து கேள். பிறகு தம்பூரா. மிருதங்கமும் தவிலும் கடைசியில் போதும். அவை கெட்ட ஸ்பீக்கரிலும் நன்றாகக் கேட்டுத் தொலைக்கும்.

கிராஸ்ஓவரை டெர்மினல் துண்டுகளில் தற்காலிகமாகக் கட்டி வை, இப்போதே சால்டர் செய்யாதே. ட்வீட்டரின் பிளஸ் மைனஸை மாற்றிப் போட்டு ஒருமுறை அளந்து, அந்தப் படத்தை எனக்கு அனுப்பு. 2000 ஹெர்ட்ஸில் இருபக்கமும் ஒரேபோல் சரியும் ஆழமான குழி தெரிந்தால் வூஃபரும் ட்வீட்டரும் சேர்ந்து நடக்கின்றன. குழி மேலோட்டமாக இருந்தால் வூஃபர் பக்கத்தைத் தொடாதே. ட்வீட்டருக்குப் போகும் கெப்பாசிட்டரை ஒரு படி குறைத்து இன்னொரு படமும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்