பக்கத்து ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது. ஆஞ்சியோகிராம் எடுத்ததில் ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பது தெரிந்தது. எங்கள் பகுதியிலேயே ஒரு சின்ன மருத்துவமனையில் ஸ்டென்ட் வைக்கிறார்கள். பைபாஸ் வசதி அங்கே இல்லை. சென்னைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார் சித்தப்பா. என்ன செய்யட்டும்?
- வாசகர், பழங்காநத்தம்

பதில்: சித்தப்பாவின் பயத்தில் நியாயம் உண்டு. 1977-ல் சூரிச்சில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக இதய ரத்தக்குழாயைப் பலூனால் விரித்தார். அந்தக் காலத்தில், விரித்த குழாய் திடீரென மூடிக்கொண்டால் உடனே நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்தது. ஸ்டென்ட் வந்தபிறகு அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 18,000-க்கும் மேற்பட்டோரை ஒப்பிட்டார்கள். பைபாஸ் வசதி இல்லாத இடங்களில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவர்களிடம் இறப்பு கூடுதலாக இல்லை. ஆனால் சிக்கலான அடைப்புகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. பங்கேற்ற மருத்துவமனைகளும் தொடர்ந்து செய்து கைபழகியவை.

ஆகவே தயங்காமல் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? சிக்கல் வந்தால் எங்கே அனுப்புவீர்கள், ஆம்புலன்ஸ் தயாராக இருக்குமா? இடது பிரதானக் குழாயில் அடைப்பு என்றாலோ, சர்க்கரை நோயோடு மூன்று குழாய்களும் அடைத்திருந்தாலோ நான் சின்ன இடத்துக்குச் சம்மதிக்க மாட்டேன். உங்கள் அப்பாவுக்கு அடைப்பு ஒரு குழாயில்தான். அது இடது பிரதானக் குழாய் இல்லை, வலியும் கூடவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். மாத்திரையிலேயே வலி அடங்குமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். மதுரை கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் சிடியைக் காட்டி இன்னொரு கருத்தும் கேட்கலாம்.

ஸ்டென்ட்டைப் பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகத்தான் வைக்கிறார்கள். அப்பா விழித்திருப்பார். பலூன் விரியும் சில நொடிகள் நெஞ்சு இறுக்கும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பயப்பட மாட்டார்.

மாரடைப்பு வந்தால் கதையே வேறு. உட்கார்ந்திருக்கும்போதே வலி, வியர்வை என்றால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது; 108-ஐ அழையுங்கள். போய்ச் சேர்ந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி, 90 நிமிடத்துக்குள் பலூன். இதற்கு எந்நேரமும் ஸ்டென்ட் வைக்கும் பக்கத்து மருத்துவமனைதான் சரி, சென்னை அல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் டோஸ் மாத்திரைகள் கொடுக்கிறார்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டுங்கள். அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். ஸ்டென்ட் வைத்தால், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளையும் இதய டாக்டரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள், பல் பிடுங்கப் போனாலும்.