மருந்து சாப்பிட்டும் வலிப்பு நிற்காதது ஏன்?

வலிப்பு நோய்க்கு இன்று இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகள் இருக்கின்றன. இருந்தும் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வலிப்பு முழுமையாக அடங்குவதில்லை. "மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லிவிடுவார்கள். சிலரிடத்தில் அது உண்மைதான். எல்லாரிடத்திலும் அல்ல.

நரம்பணுவின் சவ்வில் சோடியம், பொட்டாசியம் அயனிகள் புகுந்து வெளியேறும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவை திறந்து மூடுவதால்தான் மின்துடிப்பு பிறக்கிறது. ஏராளமான நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் துடித்தால் வலிப்பு வருகிறது. கார்பமசெப்பின், பெனிட்டோயின் போன்ற மருந்துகள் சோடிய வாயில்களில் ஒட்டிக்கொண்டு, அவை மீண்டும் மீண்டும் வேகமாகத் திறப்பதைத் தடுக்கின்றன.

மருந்து கேட்கவில்லை என்றால் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது நோய்க் கணிப்பைத்தான். இதயத் துடிப்புக் கோளாற்றால் மயங்கி விழுபவருக்கும் கைகால் வெட்டி இழுக்கலாம். அவருக்கு வலிப்பு மருந்து பயன் தராது. மருந்தே பொருந்தாமலும் போகலாம். வகுப்பில் சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காதது போல் எழுதத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. (ஆசிரியர்கள் இதைப் பகற்கனவு என்று நினைத்துக் கண்டிப்பதும் உண்டு.) இவ்வகை வலிப்பைக் கார்பமசெப்பின் அதிகமாக்கக்கூடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அடங்காததே உண்மையான மருந்து எதிர்ப்பு. இதற்கு அறிவியலாளர்கள் சில விளக்கங்கள் தருகிறார்கள். மருந்து ஒட்ட வேண்டிய சோடிய வாயிலே மாறியிருக்கலாம். பூட்டு மாறினால் பழைய சாவி என்ன செய்யும்? அல்லது, மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள பி-கிளைக்கோபுரதம் என்னும் 'பம்பு' மருந்தைத் திரும்ப இரத்தத்துக்கே தள்ளிவிடலாம். அப்படியானால், இரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு சரியாக இருந்தாலும் வலிப்பு தொடங்கும் இடத்துக்கு அது போதிய அளவில் போய்ச் சேராது. இவ்விரண்டும் இன்னும் கருதுகோள்களே. ஸ்கேனில் கண்ணால் காணக்கூடிய காரணமும் உண்டு: நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, கடற்குதிரை வடிவிலுள்ள ஹிப்போகேம்பஸ் பகுதி தழும்பேறிச் சுருங்கியிருப்பது.

கிளாஸ்கோவில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்றைக் கவனியுங்கள். முன்பு மருந்தே எடுக்காத 470 பேரில் 47 விழுக்காட்டினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. அது பலிக்காமல், வேறு ஒரு மருந்துக்கு மாறிக் குணம் கண்டவர்கள் 14 விழுக்காட்டினர். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நின்றது வெறும் 3 விழுக்காட்டினருக்குத்தான். எனவே, பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியாக எடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அதை மருந்து எதிர்ப்பு என்று கொள்ளலாம் என 2010-இல் அனைத்துலக வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் வரையறுத்தது.

இந்த வரையறை நோயாளியைக் கைவிடுவதற்காக அல்ல. மூன்றாவது, நான்காவது மருந்து என ஆண்டுகளைக் கடத்தாமல் சிறப்பு மையத்துக்கு அனுப்பச் சொல்கிறது. கனடாவில் 80 பேரிடம் நடத்திய ஆய்வு 2001-இல் வெளியானது. ஓராண்டின் முடிவில், அறுவைச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட குழுவில் 58 விழுக்காட்டினருக்கு நினைவிழக்கும் வலிப்பு வரவில்லை. மருந்தை மட்டும் தொடர்ந்த குழுவில் அது 8 விழுக்காடுதான். அறுவைக்கு ஏற்றவராக இல்லாதவர்களுக்குக் கீட்டோன் உணவுமுறை, கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவி ஆகியவை உண்டு.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, வலிப்பு வந்த தேதி, நேரம், சாப்பிட்ட மருந்துகளின் பெயர், அளவு ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். வலிப்பு வரும்போது வீட்டார் கைப்பேசியில் எடுத்த காணொளி பெரிதும் உதவும். பலனில்லை என்று மருந்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நிற்காமல் தொடரும் வலிப்பு உயிருக்கே ஆபத்து.