மழைக்கு எந்த டயர்?

2009ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், சிப்பாங் பந்தயத் தடத்தில் ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் நடைபெற்றது. வானம் கறுத்திருந்தது, தடமோ இன்னும் காய்ந்தே கிடந்தது. மழை வந்துவிடும் என்று கணித்த ஃபெராரி குழு, கிமி ராய்க்கோனனின் காருக்கு முன்கூட்டியே கனமழை டயர்களை மாட்டியது.

மழை டயரில் ஆழமான பள்ளங்கள் உண்டு. அவை டயருக்கு அடியில் சேரும் நீரை வெளியே தள்ளுகின்றன. பள்ளமில்லாத வழவழப்பான டயர் நீரின்மேல் மிதந்து பிடிப்பை இழந்துவிடும். அப்போது பிரேக்கை அழுத்தியும் பயனில்லை. ஆனால், மழை டயரின் ரப்பர் மென்மையானது. காய்ந்த தடத்தில் ஓடினால் சூடேறித் தேய்ந்துவிடும். ராய்க்கோனனுக்கு நேர்ந்ததும் அதுதான். மழை வந்தது உண்மை; ஆனால், அதற்குள் டயர்கள் பாழாகிவிட்டன.

முதலில் தூறல்தான். பெரும்பாலோர் கனமழை டயருக்கு மாறினர். டிமோ குளோக்கோ பள்ளம் குறைந்த இடைநிலை டயரைத் தேர்ந்தெடுத்து, விறுவிறுவென முன்னேறினார். அதைக் கண்டு மற்றவர்களும் மாறத் தொடங்கியபோது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது! கனமழை டயர்கூட அந்த வெள்ளத்தில் திணறியது. பந்தயம் நிறுத்தப்பட்டு, 31ஆவது சுற்றின் நிலவரப்படி முடிவு அறிவிக்கப்பட்டது. ஜென்சன் பட்டன் வென்றார். குளோக்குக்கு மூன்றாம் இடம். ராய்க்கோனனுக்குப் பதினான்காம் இடம்.