முதலில் நடை, பிறகு ஏற்றம்



பூகோளம் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் ஒரு சர்வே படத்தைக் கொடுத்து, 3314 என்ற கட்டம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் 33-ஐ விட்டு 14-ஐ முதலில் தேடுவார்கள். குற்றம் பிள்ளைகளுடையதன்று. ஓடியாடிக் கற்கவேண்டிய ஒன்றை நாம் உட்காரவைத்துக் கற்பிக்கிறோம்.

விஷயம் இதுதான். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படத்தில் நெட்டுக்கோடுகளும் குறுக்குக்கோடுகளும் உண்டு. கோட்டுக்குக் கோடு 2 சென்டிமீட்டர். தரையில் அது 1 கிலோமீட்டர். எண்கள் கோடுகளுக்கு உரியவை, கட்டங்களுக்கல்ல. கிழக்கு நோக்கிக் கூடிக்கொண்டே போகும் நெட்டுக்கோட்டின் எண்ணை முதலிலும், வடக்கு நோக்கி ஏறும் குறுக்குக்கோட்டின் எண்ணைப் பிறகும் சொல்லவேண்டும். அவ்விரு கோடுகளும் எந்தக் கட்டத்தின் தென்மேற்கு மூலையில் சந்திக்கின்றனவோ அதுவே நாம் தேடும் கட்டம். தேங்காய் பறிக்கப் போகிறவர் முதலில் மரத்தடிக்கு நடக்கிறார், பிறகே ஏறுகிறார் என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு அது போதும்.

ஒரு விடுமுறை மாலையில், கோயில் திடலில் சுண்ணாம்புத் தூளால் நெட்டாக ஆறு கோடு, குறுக்காக ஆறு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கோடு பத்தடி இருக்கட்டும். நெட்டுக்கோடுகளின் தென்முனையில் 31 முதல் 36 வரையும், குறுக்குக்கோடுகளின் மேற்குமுனையில் 12 முதல் 17 வரையும் எழுதி வையுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிட வேண்டாம். பிள்ளைகள் கோட்டை விட்டுக் கட்டத்தை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். இருபத்தைந்து கட்டங்களிலும் ஒவ்வொரு சிரட்டையைக் கவிழ்த்து, சிலவற்றின் கீழே மட்டும் புளியங்கொட்டை வையுங்கள்.

இரண்டு அணிகள். நீங்கள் எண்ணைக் கூப்பிட, அணிக்கு ஒருவராகத் தென்மேற்கு மூலையிலிருந்து ஓடவேண்டும். முதலில் தெற்குக் கோட்டோடு கிழக்கே, பிறகு வடக்கே. குறுக்கே பாய்கிறவனைத் திருப்பி அனுப்புங்கள். எல்லாரும் ஒருமுறை ஓடிய பின்னரே மறுமுறை. இல்லாவிட்டால் பெரிய பையன்களே ஓடிக்கொண்டிருப்பார்கள், சிறுமிகள் நின்று பார்ப்பார்கள்.

பிறகு எண்களை மாற்றி, இரு பக்கமும் 12 முதல் 17 வரை எழுதுங்கள். இனிதான் உண்மையான சோதனை. 1512 என்று கூப்பிட்டால், அவசரக்காரன் 1215-க்குப் போய் வெறும் சிரட்டையைத் தூக்குவான். சர்வே படத்திலும் இப்படி இரு கட்டங்களும் ஒரே தாளில் இருக்கக்கூடும். தரையிலோ இரண்டுக்கும் இடையே நாலு கிலோமீட்டருக்கு மேல். மலைக்காட்டில் கால் ஒடிந்து கிடப்பவனைத் தேடிப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு தூரம்!

பெரிய பிள்ளைகளுக்கு ஆறிலக்கம் கொடுங்கள். 134157 என்றால், 13-ஆம் கோட்டிலிருந்து கிழக்கே நாலடி, 15-ஆம் கோட்டிலிருந்து வடக்கே ஏழடி. கோட்டுக்குக் கோடு பத்தடி வைத்தது இதற்காகத்தான். படத்தில் அந்த ஒவ்வோர் அடியும் 100 மீட்டர்.

இன்னொரு சிக்கல் உண்டு. கைப்பேசியும், நம் மீனவர்கள் படகில் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். கருவியும் அட்சரேகையை, அதாவது வடக்கு எண்ணை, முதலில் காட்டுவது வழக்கம். தூத்துக்குடி ஏறக்குறைய 8.8 பாகை வடக்கு, 78.1 பாகை கிழக்கு. மாற்றிப் படித்தால் வடதுருவத்துக்கு அருகே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கேயுள்ள குளிர்க்கடலில் போய் நிற்போம்!

ஆகையால் கடைசி ஆட்டத்தில், எண்ணை மட்டும் கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "கிழக்கு முதலிலா, வடக்கு முதலிலா?" என்று கேட்டுவிட்டு ஓடும் அணிக்கே புள்ளி.